ஒற்றைக் கொம்பு, துணைக்கால்

ஜூன் 10, திங்கள்

இந்த வேலையில் சேர்ந்து நான்கு மாதம். இன்றுதான் உருப்படியாக ஒன்று செய்தேன்.

எங்கள் அறக்கட்டளைக்குத் தமிழ்நாடு முழுக்க நூற்றுப் பதினெட்டு இல்லங்கள். நினைவு தப்பி, வழி தெரியாமல் தெருவில் நிற்கிறவர்களை மீட்டு வைத்துக்கொள்கிற இல்லங்கள். அவர்கள் சொல்கிற பெயரை அங்கேயுள்ள எழுத்தர் கணினியில் பதிவார். காணவில்லை என்று தேடி அலைகிற வீட்டார் திருச்சியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பெயரைச் சொன்னால், நான் தட்டிப் பார்த்து இருக்கிறார் அல்லது இல்லை என்பேன். நாற்பத்தோராயிரம் பதிவுகள். ஒரு பெயரைத் தேடப் பதினொரு நொடி. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பதினொரு நொடி எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்று காரணத்தைப் பிடித்தேன். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த யோகேந்திரன், தரவுத்தளத்தை அதன் போக்கில் பெயர்களை ஒப்பிட விடாமல், நிரலுக்குள் தானே ஒரு ஒப்பீட்டு விதி எழுதிச் செருகி வைத்திருக்கிறான். பதினான்கு வரி. இரண்டு பெயர்கள் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டிய ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் வேலையை நிறுத்திவிட்டு, இந்தப் பதினான்கு வரியிடம் வந்து கைகட்டி நின்று கேட்க வேண்டும். எதற்கென்று ஒரு குறிப்பும் இல்லை. பெங்களூரில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டவனைக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு என்ன தலையெழுத்து? எடுத்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து தரவுத்தளமே பார்த்துக்கொள்ளட்டும். இப்போது அரை நொடி.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

சோதித்துப் பார்த்தேன். செண்பகவல்லி என்று என் பெயரிலேயே ஒரு பதிவு போட்டுத் தேடினேன், வந்தது. தங்கை மல்லிகா, வீட்டுக்காரர் பரமசிவம், பல் டாக்டர் இந்திரா, எல்லோரும் சொன்னவுடன் வந்தார்கள். செயலாளர் தைரியநாதன் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தட்டுறதுக்குள்ள வந்துருது" என்றார். மதியம் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தார். அவர் பஜ்ஜி வாங்கித் தருவது வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற காரியம்.

ஜூன் 26, புதன்

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. குளிக்காமல் அலுவலகம் போனேன். இன்று ஒன்பது புதிய பதிவுகள், ஒன்பதும் தடங்கல் இல்லாமல் ஏறிவிட்டன.

ஜூலை 2, செவ்வாய்

இன்று வந்தவர் பெயர் சன்னாசி. மணப்பாறைப் பக்கம். வயது அறுபத்தாறு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இன்னமும் டெஸ்டர் குத்தி வைத்திருக்கிறார்.

"எங்க வீட்டம்மாங்க. சமயபுரம் போயிட்டு வந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல தண்ணி பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்தா உக்காந்த எடத்துல ஆள் இல்ல. ஒரு மாசமாச்சு. ரெண்டு வருசமாவே ஞாபகம் பிசகுது. ஆனா அது பேரு மட்டும் அதுக்கு நல்லாத் தெரியும், யாரு கேட்டாலும் டாண்ணு சொல்லிரும்."

"பேர் சொல்லுங்க ஐயா."

"பொற்கொடி."

தட்டினேன். பதிவு இல்லை என்று வந்தது. எங்கள் படிவத்தில் கணவர் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. அதையும் தேடினேன். சன்னாசி என்ற கணவரும் இல்லை. இடது முழங்கையில் தேள் பச்சை குத்தியிருக்கும் என்றார். பச்சையை வைத்துத் தேட எங்கள் நிரலில் வழியில்லை.

"இவ்வளவு வெரசா பாத்துட்டீங்களேம்மா" என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

சன்னாசி ஐயா மறுபடி வந்தார். செவ்வாய்க்கிழமை அவர் ஊரிலிருந்து நேர் பஸ் ஒன்று உண்டாம். தேடினேன், இல்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்க வேலையில, கம்பியில கரண்டு இல்லன்னு டெஸ்டர் சொன்னா உடனே கைய வைக்க மாட்டோம். அந்த டெஸ்டர நல்லா ஓடுற லைன்ல வச்சு, அது எரியுதான்னு பாத்துட்டுதான் நம்புவோம். டெஸ்டரே செத்துக் கெடந்தா?"

இது கணினி ஐயா, டெஸ்டர் இல்லை என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். பல்வலி.

ஜூலை 24, புதன்

பட்டுக்கோட்டைப் பக்கத்து இல்லத்திலிருந்து எழுத்தர் ஜெசிந்தா போன் செய்தார். பழைய தமிழ் டைப்ரைட்டிங் பரீட்சையில் ஹையர் பாஸ் செய்தவர். விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பார் என்று எல்லோரிடமும் சொல்வார்.

"மேடம், இங்க கோமதின்னு ஒருத்தவங்க. நான் அடிச்சுத் தேடுனா வர்றாங்க. சிஸ்டர் போன்ல அடிச்சா இல்லங்குது. என்னன்னு பாக்குறீங்களா?"

"சிஸ்டரைச் சரியா அடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"சரியாத்தான் மேடம் அடிக்கிறாங்க. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

நெட் மெதுவாக இருந்திருக்கும். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்க வேண்டியது வேறு எவ்வளவோ கிடக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இல்லை.

இன்று அவர் ஒரு தூக்குவாளியில் கொழுக்கட்டை கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் செய்தார்களாம். மாவு கெட்டியாக இருந்தது. பொற்கொடி செய்தால் வாயில் வைத்தவுடன் கரையும் என்றார். "நாப்பத்தோரு வருசம். நான் மரத்துல ஏறியிருந்தாலும் போஸ்ட்ல ஏறியிருந்தாலும் கீழ நின்னு 'இந்தாங்க'ன்னு ஒரு சத்தம் குடுக்கும். அதுதான் எனக்குப் பேரு."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று நாளாக ஒரே தலைவேதனை. மாலை நான்கு மணிக்கு எல்லா இல்லங்களும் ஒரே சமயத்தில் பதிவைச் சேமிக்கும்போது, தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்று பிழை வருகிறது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கதவைத் தட்டினால், தரவுத்தளம் கொஞ்சம் பொறு என்று சொல்வதற்குப் பதிலாக முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறது. இணைப்பைத் திறக்கும் வரியில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. ஐந்து நொடி என்று போட்டேன். பிழை போய்விட்டது.

நல்ல வேலை செய்தால் கிடைக்கிற தூக்கம் இன்று வரும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சன்னாசி ஐயா வரவில்லை. பதினொரு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கென்ன வந்தது? அவர் வராவிட்டால் இல்லை என்று சொல்கிற வேலை மிச்சம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வந்துவிட்டார். போன வாரம் காய்ச்சலாம். முகம் ஒடுங்கிப் போயிருக்கிறது. இருக்கிற இரண்டு பெண்பிள்ளைகளும் வெளியூரில். தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தாராம்.

இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

இல்லை. எழுந்து போகும்போது, "அடுத்த வாரம் வரவாம்மா?" என்று கேட்டார். இதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை. வாங்க ஐயா என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர் இந்திரா. எல்லா டாக்டர்களும் சொல்வதுதான்.

அக்டோபர் 25, வெள்ளி

ஆண்டறிக்கைக்கு, இந்த வருஷம் இல்லங்களில் இறந்துபோனவர்களின் பட்டியலை எடுத்துத் தரச் சொன்னார் தைரியநாதன் சார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் ஜெபத்தில் பெயர்களை வாசிப்பார்கள். அறுபத்து மூன்று பெயர்கள். அச்செடுத்து, பிழை பார்க்கப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

நாற்பத்தோராவது பெயர் பொற்கொடி.

வேறு பொற்கொடியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினேன். பதிவு இல்லை என்றது. கையில் தாள், கண்ணுக்கு எதிரே பெயர். கணினி இல்லை என்கிறது. மறுபடி தட்டினேன், இல்லை. டெஸ்டரே செத்துக் கிடந்தால் என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

தாளில் இருந்த பதிவு எண்ணைக் கொண்டு திறந்தேன். பட்டுக்கோட்டை இல்லம். சேர்த்த நாள் ஜூன் 26. வயது சுமார் ஐம்பது என்று யாரோ குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஊர், சொல்லத் தெரியவில்லை. அடையாளம், இடது முழங்கையில் தேள் பச்சை. கணவர் பெயர்க் கட்டம் காலி. அதன் கீழே குறிப்பில் ஜெசிந்தா எழுதியிருந்தார்: "கணவர் பெயர் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். லைட்டு போடுறவங்க என்கிறார்."

இறந்த நாள், அக்டோபர் 9. நிமோனியா.

எட்டாம் தேதி சன்னாசி ஐயா என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக எண்ணச் சொன்னேன். கணினிக்கு எழுத்து தனி, அதில் ஏறும் குறி தனி. நான் தட்டிய பொற்கொடியில் அது எண்ணியது எட்டு. பதிவில் இருந்த பொற்கொடியில் பத்து. திரையில் இரண்டும் ஒன்றுதான், கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒன்றுதான். நானும் போன்காரர்களும் தட்டினால் பகரத்தோடு 'பொ'வின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி ஏறுகிறது. ஜெசிந்தா டைப்ரைட்டிங் படித்தவர். ஒற்றைக் கொம்பைத் தனியாக அடிப்பார், பகரத்தை அடிப்பார், துணைக்காலைத் தனியாக அடிப்பார். பரீட்சையில் அப்படித்தான் அடிக்க வேண்டும். கணினியும் கொம்பைத் தனி, காலைத் தனி என்றே வைத்துக்கொள்கிறது. கொ, கோ, பொ, போ வருகிற எல்லாப் பெயரும் இப்படித்தான். கோமதியும் இப்படித்தான். செண்பகவல்லிக்கும் மல்லிகாவுக்கும் பரமசிவத்துக்கும் இந்திராவுக்கும் கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்தே இல்லை.

யோகேந்திரனுடைய பெயரில் இருக்கிறது. முதல் எழுத்திலேயே இருக்கிறது. அவன் தன் பெயரைப் போட்டுச் சோதித்திருப்பான்.

அக்டோபர் 26, சனி

அலுவலகம் விடுமுறை. போனேன். அந்தப் பதினான்கு வரியைத் திரும்ப வைக்கவில்லை. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கி வைக்கும்படி எழுதினேன். பழைய பதிவுகளையும் அப்படியே மாற்றினேன். வேகமும் குறையவில்லை. எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம்.

ஜூன் பத்துக்குப் பிறகு இல்லை என்று சொல்லி அனுப்பிய எல்லாப் பெயர்களையும் மறுபடி தேடினேன். நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு உடனே போன் செய்தேன். ஒரு வீட்டில் ஒரு பெண் போனைக் கீழே போட்டுவிட்டு அழுதது கேட்டது. நான்காவது வீட்டுக்குச் செய்யவில்லை.

இதே டைரியில், ஜூன் பத்தாம் தேதி, எதற்கென்று ஒரு குறிப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். குறிப்பு இருந்தது. நிரலின் பழைய பிரதியை இன்று திறந்து பார்த்தேன், ஆனால் பார்க்காமலே எனக்கு ஞாபகம் இருந்தது. பதினான்கு வரிக்கு மேலே, தமிழில்: "இதை எடுக்காதீங்க. கொம்பு, கால்." என்ன உளறல் இது என்று சிரித்துவிட்டு, வரிகளோடு சேர்த்து அதையும் அழித்தேன். அன்றைக்கு யாரும் படிக்கப்போகாத டைரியில்கூட அதை எழுத மனம் வரவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

தைரியநாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருகிட்ட இப்பத்தான் பதிவு வந்துச்சுன்னு சொல்லிரும்மா. பாவம், அவருக்கும் அதுதான் நல்லது. இத்தன நாளு இங்கதான் இருந்தாங்கன்னு தெரிஞ்சா அவரு தாங்குவாரா?"

அவருக்கு நல்லதா எனக்கு நல்லதா என்று நான் கேட்கவில்லை. சரி சார் என்றேன். சரி என்று சொன்னபோது மனசு லேசானது. அதை நினைத்தால் என்மேலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

வந்தார். கையில் துணிக்கடைப் பை. நாளை மறுநாள் தீபாவளி. "அதுக்கு ஒரு சேலை எடுத்தேன்மா. அரக்குல மஞ்ச பார்டர். கெடச்சா உடனே கட்டிக்கிட்டு வர்றதுக்கு."

கணினி இன்று வேலை செய்யவில்லை ஐயா, பண்டிகை முடிந்து வாங்க என்றேன். அவர் திரையைப் பார்த்தார். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தங்கை வீட்டுக்குப் போகவில்லை. தெரு முழுக்க வெடி.

நவம்பர் 2, சனி

பட்டுக்கோட்டை இல்லத்துக்குப் போனேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஜெசிந்தாவிடம் சொன்னேன். "நான் அடிச்சதாலயா மேடம்?" என்று கேட்டார், முகம் வெளுத்துப்போய். இல்லை, நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள், போனும் செய்தீர்கள் என்றேன். அதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

பொற்கொடி படுத்திருந்த கட்டில் ஜன்னலோரம். சாயங்காலம் விளக்கு எரிந்ததும் எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார்களாம். கரண்டு போனால் மட்டும் மற்ற எல்லோரையும் அதட்டுவார்களாம், பேசாம இருங்க, அவங்க வந்துருவாங்க என்று.

ஜெபத்தில் பெயர் வாசித்தார்கள். இல்லத்துக்குப் பின்னால் வேலியோரம் புதைத்திருக்கிறார்கள். சிமெண்டுப் பலகையில் பெயர் இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

பதினொன்றேகாலுக்கு வந்தார். அதே பை. நான் கதவைச் சாத்திவிட்டு, என் நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இருக்கா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. போன மாசம் ஒன்பதாம் தேதி தவறிட்டாங்க. பட்டுக்கோட்டை பக்கத்துல, நம்ம இல்லத்துல."

பையை மடியில் வைத்துக்கொண்டார். "எரிச்சாங்களா, பொதச்சாங்களா?" என்று கேட்டார். சொன்னேன். "எத்தன நாளு அங்க இருந்துச்சு?"

இங்கேதான் தைரியநாதன் சார் சொல்லித்தந்த வாக்கியம் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது.

"நூத்தி அஞ்சு நாள்" என்றேன். "நீங்க மொத தடவை வந்த அன்னைக்கே அவங்க இருந்தாங்க. நான் இல்லன்னு சொன்ன பதினாலு செவ்வாயும் இருந்தாங்க."

பிறகு முழுவதையும் சொன்னேன். கொம்பு, கால், பதினான்கு வரி, வேகம், பஜ்ஜி வரைக்கும் சொன்னேன். ஜெசிந்தா போன் செய்ததைச் சொன்னேன். எடுக்காதீங்க என்று எழுதியிருந்ததையும் அதை நான் அழித்ததையும் சொன்னேன். போன வாரம் கணினி வேலை செய்ததையும் சொன்னேன். அழக்கூடாது, அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன். அவர் தேற்றவில்லை.

"எங்க வேலையில" என்று ஆரம்பித்தார். டெஸ்டரைச் சட்டைப்பையில் சரியாகக் குத்திக்கொண்டார். "மேல ஆளு ஏறியிருந்தா, கீழ சுவிட்ச்சுல ஒரு போர்டு தொங்கும். ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதேன்னு. தொண்ணூத்தி ரெண்டுல ஒருத்தன் அத யாரோ மறந்துட்டுப் போனதுன்னு நெனச்சுக் கழட்டி வச்சுட்டு சுவிட்சப் போட்டான். மேல எங்க மாரிக்கண்ணு இருந்தான். போட்டவன் நல்லவன்தான். வேணும்னு செய்யல. ஆனா நாங்க யாரும் அவன்கூட அப்பறம் ஒரு டீ குடிச்சதில்லம்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை.

அவரே கணினியைக் காட்டி, "தேடுங்க" என்றார்.

"ஐயா?"

"எப்பவும் போலத் தேடுங்கம்மா. நான் ஒருக்காப் பாக்கணும்."

பொற்கொடி என்று தட்டினேன். அரை நொடி. ஒரு பதிவு. படத்தைப் பெரிதாக்கினேன். தலை வாரிப் பொட்டு வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். சன்னாசி ஐயா திரைக்கு அருகில் குனிந்து, "வந்துருச்சு" என்றார். ஊரில் கரண்டு வந்தவுடன் எல்லோரும் சொல்வோமே, அந்தச் சத்தத்தில்.

கீழே இருந்த குறிப்பை அவருக்குப் படித்துக் காட்டினேன். கணவர் பெயர் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். லைட்டு போடுறவங்க என்கிறார். அவர் துணிக்கடைப் பையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "எல்லாம் மறந்துச்சே" என்றார் பைக்குள்ளிருந்து. "எம் பேர மட்டும் சொல்லக்கூடாதுங்கறது மறக்கலியே."

சொல்லியிருந்தால் கிடைத்திருப்பார். சன்னாசியில் கால் மட்டும்தான், கொம்பு இல்லை. ஜூலை இரண்டாம் தேதி அரை நொடியில் வந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

கணவர் பெயர்க் கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது எனக்கு. கட்டத்தில் அம்புக்குறியை வைத்து, "உங்க பேரைப் போட்டுடட்டுமா ஐயா?" என்று கேட்டேன்.

முகத்திலிருந்து பையை எடுத்தார்.

"வேணாம்மா. அது எப்பிடிச் சொல்லுச்சோ அப்பிடியே இருக்கட்டும்" என்றார். "நீங்க எதையும் மாத்தாதீங்க."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.